உரிமையாளரின் சம்மதம்

கிளிநொச்சி,
12.01.2025

அன்புள்ள அக்கா,

என் அழைப்பை நீங்கள் எடுப்பதில்லை. வாட்சப்பிலும் என்னைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். அதனால் தபால்காரரை நடுவில் இழுக்க வேண்டியதாகிவிட்டது. கிழிப்பதென்றாலும் முழுவதையும் வாசித்துவிட்டுக் கிழியுங்கள்.

காரைப் பற்றித்தான் எழுதுகிறேன். அத்தான் பிரான்சுக்குப் போன நாளிலிருந்து அது உங்கள் வளவில் படங்கு போர்த்தபடி நிற்கிறது. ஓடாத வாகனம் பழுதாகிவிடும், தம்பியிடம் கொடு என்று அத்தானே உங்களிடம் சொன்னாராம். அதை நான் கல்லூரியில் வைத்திருந்தால் எனக்கும் உதவி, காருக்கும் உதவி. எங்கள் நில அளவைப் பயிற்சி இந்தத் தவணையில் வட்டக்கச்சியில் நடக்கிறது. முக்காலியையும் கருவிகளையும் பஸ்ஸில் ஏற்றும்போது கண்டக்டர் பார்க்கிற பார்வையை நீங்கள் ஒருநாள் பார்க்க வேண்டும்.

ஆனால் கார்ப் புத்தகம் உங்கள் பெயரில் இருக்கிறது. இங்கே மாணவர் கார் வைத்திருப்பதற்குப் புதிய விதிகள் வந்திருக்கின்றன. உப அதிபர் சிவலட்சுமி மேடம் தானே இருந்து எழுதியவை. கார் பெற்றோருடையதாகவோ கூடப் பிறந்தவர்களுடையதாகவோ இருக்க வேண்டும். உரிமையாளர் தன் கையால் சம்மதக் கடிதம் எழுதித் தபாலில் அனுப்ப வேண்டும், அதுவும் ஒவ்வொரு தவணைக்கும் புதிதாக. போனில் படம் பிடித்து அனுப்பினால் ஏற்க மாட்டார்கள். போன வருடம் ஒருவன் தகப்பன் பெயரில் தானே எழுதித் தானே சம்மதித்துக்கொண்டான். அவனால் வந்த வினை இது.

வெளி வளவில் பாலை மரத்துக்குக் கீழேதான் நிறுத்தலாம். வீதியைப் பார்த்தபடி நிறுத்த வேண்டும். சாவி வாசல் காவலாளி ஆண்டியப்பன் ஐயாவிடம் இருக்கும். ஆறு மணிக்குப் பிறகு எடுப்பதென்றால் கையெழுத்து. காசுக்கு ஆள் ஏற்றி ஹயர் ஓடக் கூடாது. உரிமையாளர் கடிதத்தில் பெயர் எழுதாத எவரும் ஓட்டக் கூடாது. நிற்கிற காருக்குள் இருந்து இருவர் கதைத்துக்கொண்டிருக்கவும் கூடாது. இந்தக் கடைசி விதி யாருக்காக எழுதப்பட்டது என்று கல்லூரி முழுக்கத் தெரியும். அது நான் இல்லை.

தயவு செய்து ஒரு கடிதம் எழுதித் தாருங்கள்.

உங்கள் தம்பி,
விதுசன்


புதுக்குடியிருப்பு,
18.01.2025

தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் அக்காவாக, இரண்டாம் தரம் ரியூசன் மிஸ்ஸாக. கணித விடைத்தாள் திருத்துகிறவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. விடை சரியாக இருந்து வழி காட்டாமல் இருந்தால் பிள்ளை பக்கத்தில் பார்த்து எழுதியிருக்கிறது என்று அர்த்தம். உன் கடிதமும் அப்படித்தான் இருக்கிறது. எல்லாம் சரியாக இருக்கிறது, வழியைத்தான் காணவில்லை.

ஒன்றரை வருடமாக நீ பஸ்ஸில்தான் போய் வந்தாய். முக்காலி அப்போதும் முக்காலிதான். இப்போது திடீரென்று கார் எதற்கு? நான் காரை விற்கப் பார்க்கிறேன் என்று அப்பாவிடம் போய்ச் சொன்னவன் நீ. அதற்காகத்தான் நான் உன்னோடு கதைக்காமல் விட்டேன். இனியும் போனில் கதைக்கப் போவதில்லை. உன் குரலைக் கேட்டால் எனக்கு மனம் இளகிவிடும், நீயும் அதைத் தெரிந்துகொண்டு கதையை மாற்றிவிடுவாய். எழுத்தில் உன்னால் அவ்வளவு சுலபமாக வழுக்க முடியாது. என்ன சொல்வதானாலும் எழுது.

உன் அத்தானும் சேர்ந்து கேட்கிறபடியால் சம்மதிக்கிறேன். போன கிழமை பழைய வாட்சப் நம்பரில் எடுத்தார். அறையில் ஐந்தாறு பேர் இருக்கிறார்களாம், வீடியோவில் வர வெட்கமாம். பனி கொட்டுகிறது என்றார். வீட்டுக்குள் சிக்னல் விட்டுவிட்டு வருவதால் வழக்கம் போலக் கிணற்றடிக்குப் போய் நின்று கதைத்தேன். எப்போது வருவீர்கள் என்று கேட்டேன். "கெதியா வந்திடுவன், பக்கத்திலதான் இருக்கிறன் எண்டு நினைச்சுக்கொள்" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, பல்லி சொன்னது. அதற்குப் பிறகு எனக்கு நெஞ்சு கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பல்லி சொன்னால் பொய்யாகாது என்று அம்மா சொல்வாவே, அந்த நம்பிக்கை எனக்கும் போகவில்லை.

அப்பாவின் கதை மாறவில்லை. உன் அத்தான் தேயிலைத் தோட்டத்து மலைநாட்டுக் குடும்பத்துப் பிள்ளை என்பதை அப்பா இன்னும் மறக்கத் தயாராக இல்லை. கடையில் வருகிறவர்களிடம் எல்லாம் "மருமகன் பிரான்சிலயாம், பாப்பம்" என்று அந்தப் "பாப்பம்" என்ற சொல்லை இழுத்து இழுத்துச் சொல்கிறாராம். பார்க்கட்டும்.

சம்மதக் கடிதம் இதனுடன் இருக்கிறது. உன் பெயர் மட்டும்தான் எழுதியிருக்கிறேன். வேறு எவருடைய கையும் அந்த ஸ்டியரிங்கில் படக் கூடாது.

பிரியந்தினி


கிளிநொச்சி,
02.02.2025

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. காரையும் கொண்டுவந்துவிட்டேன். நான் வந்த நேரம் நீங்கள் வகுப்பில் இருந்தீர்கள், படங்கை மடித்துக் குசினிக் கதவடியில் வைத்திருக்கிறேன். நீங்கள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து வந்தேன் என்று இதற்கும் சந்தேகப்படுவீர்கள். வகுப்பு நேரம் எனக்குத் தெரியாது.

சிவலட்சுமி மேடம் உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு, "அக்கா நல்ல கண்டிப்பான ஆள் போல" என்றா. நான் ஓம் என்று மட்டும் சொன்னேன்.

கார் பாலை மரத்துக்குக் கீழே நிற்கிறது. இரண்டு விரிவுரையாளர்களின் கார்களுக்கு நடுவில் நிற்பதால் அதற்குக் கொஞ்சம் பெருமையும் வந்திருக்கிறது. புதன்கிழமைகளில் வட்டக்கச்சிக்குப் போய் வருகிறேன். மற்றபடி அது அசைவதில்லை. ஆண்டியப்பன் ஐயா காகத்தின் எச்சத்தைக் கூடத் துடைத்து வைக்கிறார்.

நான் பார்த்து எழுதவில்லை அக்கா. வழி கேட்டீர்கள், இதுதான் வழி.

விதுசன்


புதுக்குடியிருப்பு,
23.02.2025

விதுசனுக்கு,

சுமித்திராவை உனக்குத் தெரியும். போன வருடம் வரை என்னிடம் படித்த பிள்ளை, இப்போது உன் கல்லூரியில் முதலாம் வருடம். நேற்று வீட்டுக்கு வந்திருந்தது. நல்ல மனதோடு ஒன்று கேட்டது. "மிஸ், விதுசன் அண்ணா ஒவ்வொரு சனிக்கிழமையும் காரில வீட்டை வாறவர்தானே. என்னையும் ஏத்திக்கொண்டு வரச் சொல்லுங்கோவன். பஸ்ஸில சரியான நெருக்கம்."

நான் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கோப்பையைக் கொடுத்துவிட்டு மிச்சத்தையும் கேட்டு வாங்கினேன்.

சனிக்கிழமை விடுதியிலிருந்து போகிறவர்கள் எங்கே போகிறோம் என்று வாசலில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டுமாம். நீ புதுக்குடியிருப்பு என்று சொல்லிக் காரை வெளியே எடுக்கிறாய். ஞாயிறு பின்னேரம் திரும்புகிறது. நான் புதுக்குடியிருப்பில்தான் இருக்கிறேன். இங்கே வந்த காரையும் காணவில்லை, தம்பியையும் காணவில்லை. அப்பாவின் கடைக்கும் நீ வரவில்லை, கேட்டுவிட்டேன்.

காரில் யாரை ஏற்றுகிறாய்? பெண் பிள்ளை என்றால் சொல்லிவிடு, அதற்கு நான் உன்னைக் கொல்லப் போவதில்லை. ஹயர் ஓடுகிறாய் என்றால் அது வேறு கணக்கு. பிடிபட்டால் உன் படிப்புப் போகும். இந்தப் பக்கம் இப்போது போதைத் தூள் விற்கிற கூட்டம் படிக்கிற பெடியன்களின் வாகனங்களைத்தான் தேடித் திரிகிறதாம். அந்த எண்ணம் வந்தபடியால்தான் இன்றே எழுதுகிறேன்.

உண்மையை எழுது.

அக்கா


கிளிநொச்சி,
02.03.2025

அக்கா,

என்னைப் பார்க்கச் சுமித்திராவை வைத்திருக்கிறீர்கள். இன்னும் எத்தனை பேர்? கன்டீன்காரரையும் கேட்டுப் பாருங்கள், நான் எத்தனை வடை சாப்பிடுகிறேன் என்று அவர் சொல்வார்.

சனிக்கிழமைகளில் தருமபுரத்தில் மதுசன் வீட்டுக்குப் போகிறேன். சேர்ந்து படிக்கிறோம். வாசலில் நண்பன் வீடு என்று சொன்னால் விட மாட்டார்கள், அதனால் வீடு என்று சொன்னேன். அதுதான் பிழை. பெண் பிள்ளையும் இல்லை, தூளும் இல்லை. அப்படி என்னைப் பற்றி எப்படி நினைத்தீர்கள் என்றுதான் விளங்கவில்லை.

நீங்கள் காரைத் திரும்ப எடுத்து விற்பதற்கு ஒரு சாட்டுத் தேடுகிறீர்கள் என்று எனக்கும் சந்தேகம் வருகிறது. சந்தேகப்பட உங்களுக்கு மட்டும்தானா உரிமை?

விதுசன்


புதுக்குடியிருப்பு,
17.03.2025

விதுசனுக்கு,

இன்று திங்கட்கிழமை. வகுப்பை நிறுத்திவிட்டு முதல் பஸ்ஸில் பரந்தன் வந்து, அங்கே மாறி, உன் கல்லூரி வாசலில் போய் இறங்கினேன். நீ வகுப்பில் இருந்தாய். உன்னைக் கூப்பிட வேண்டாம் என்று சொன்னேன். உன்னைப் பார்த்தால் உன் முகம் என்னிடம் பொய் சொல்லும், கார் சொல்லாது.

அடையாள அட்டையைக் காட்டி உரிமையாளர் என்றதும் ஆண்டியப்பன் கதிரை எடுத்துப் போட்டார். சாவியைத் தந்தார். கதவைத் திறந்தேன்.

முன் இருக்கை ஸ்டியரிங்கோடு ஒட்டுகிற அளவுக்கு முன்னால் இழுத்துக் கிடந்தது. உன் முழங்கால் அதற்குள் எப்படி நுழையும் என்று நீயே சொல். முதுகுக்கு ஒரு சின்னத் தலையணை. கண்ணாடியின் உட்பக்கத்தில் திருநீறு. காலடியில் கச்சான் கடலைக் கோது. ஒன்றிரண்டு இல்லை, இரண்டு கையாலும் அள்ளலாம். அந்தச் சுருட்டிய கடதாசிப் பையைப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, முறிகண்டிக் கச்சான்.

இனி நான் வழி காட்டுகிறேன், பார்த்துக்கொள். கச்சான் தின்றால் உனக்கு உடம்பெல்லாம் தடிக்கும். சின்ன வயதில் ஒருமுறை உன்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் நான். வட்டக்கச்சிக்குப் போகிற வழியிலும் முறிகண்டி இல்லை, தருமபுரத்துக்குப் போகிற வழியிலும் இல்லை. வவுனியாப் பக்கம் போகிறவன்தான் முறிகண்டியில் நிறுத்திப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் கச்சான் வாங்குவான். ஆகவே என் கார் ஏ ஒன்பது வீதியில் தெற்கே போகிறது. ஓட்டுகிறவன் நீ இல்லை. கட்டையான ஒருவன்.

ஆண்டியப்பனிடம் மெல்லக் கேட்டேன். "தம்பிதான் பிள்ளை வெளிய எடுக்கிறவர். அங்கால சந்தியில அண்ணன் நிண்டு ஏறுவார். அமைதியான மனுசன். தூரத்தில நிண்டு கையைக் காட்டுவாரே தவிர, வாசலுக்கு ஒருநாளும் வரமாட்டார்."

நமக்கு ஏது அண்ணன்?

வீட்டுக்கு வந்ததும் உன் அத்தானுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். தன் காரில் எவனோ ஒருவன் ஏறித் திரிகிறான் என்றால் எந்த ஆம்பிளைக்கும் கோபம் வரும். அவரோ, "விடு பிரியா, சின்னப் பெடியன், ஏசாதை" என்றார். அது எனக்குப் பிடிக்கவில்லை. நீ அவரையும் கைக்குள் போட்டு வைத்திருக்கிறாய்.

அடுத்த தவணைக்கு நான் சம்மதக் கடிதம் தரப் போவதில்லை. அந்த ஆள் யார் என்று இந்தக் கிழமைக்குள் எழுதாவிட்டால் சிவலட்சுமி மேடத்திடம் நேரே போவேன்.

பிரியந்தினி


கிளிநொச்சி,
21.03.2025

அக்கா,

எழுத்தில் பொய் சொல்ல எனக்கு இனி ஏலாது. மதுசன் வீட்டுக் கதை பொய். மன்னியுங்கள்.

உண்மையைச் சொல்லவும் ஏலாது. முறிகண்டியில் கற்பூரம் கொளுத்தி என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். உங்களுக்குத் தெரியும், நான் கோவில் விடயத்தில் பயந்தவன். யார் என்று நீங்கள் கேட்டால் நான் வாய் திறக்க மாட்டேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் அது என் சத்தியத்தில் சேராது.

கார் எந்தக் கெட்ட வேலைக்கும் போகவில்லை. அதை மட்டும் அம்மாவின் படத்தில் அடித்துச் சொல்வேன்.

இன்னொன்று. அந்தக் கோதைக் கூட்டி அள்ளு தம்பி என்று ஆண்டியப்பன் ஐயா எனக்கு எத்தனையோ தரம் சொன்னார். நான் கூட்டவில்லை.

விதுசன்


புதுக்குடியிருப்பு,
25.03.2025

தம்பி,

உன் கடிதம் வந்த அன்று பின்னேரம் உன் அத்தான் எடுத்தார். வழக்கம் போலக் கிணற்றடியில் நின்றேன். நான் கச்சானைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். ஓம் என்றார். குளிர் எப்படி என்று கேட்டேன். "எலும்பைக் குத்துது" என்றார்.

பல்லி சொன்னது.

இந்த முறை நான் நிமிர்ந்து பார்த்தேன். கிணற்றடியில் சுவர் இல்லை. கூரை இல்லை. ஒரு வேலிக்கம்பும், துவைக்கிற கல்லும், மேலே வானமும்தான். அங்கே பல்லி எங்கே இருக்கும்? அன்றைக்கு நல்ல பலன் என்று நான் ஆறுதல் பட்ட பல்லியும் என்னுடையது இல்லை. இரண்டும் அவர் பக்கத்துச் சுவரில் இருந்து சொன்னவை. பனி கொட்டுகிற ஊரில் பல்லி உயிரோடு இருக்குமா என்று என்னிடம் படிக்கிற ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். மிஸ்ஸுக்கு இரண்டு மாதம் பிடித்திருக்கிறது.

நான் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. கவனமாக இருங்கோ என்று சொல்லி வைத்தேன். பிறகு அந்தத் துவைக்கிற கல்லில் இருந்து அழுதேன். எனக்கு வந்தது கவலையா கோபமா என்று இன்னும் தெரியவில்லை. கட்டையான ஆள், முதுகுக்குத் தலையணை, திருநீறு, வழியில் முறிகண்டியில் நிறுத்தாமல் போக மாட்டாத ஆள். நான் கட்டிய மனுசனை நானே கள்ளன் என்று துப்பறிந்திருக்கிறேன்.

இனி உன் சத்தியம் உன்னைத் தடுக்காது. நானாகக் கண்டுபிடித்துவிட்டேன். எனக்கு மூன்று விடை வேண்டும். அவருக்கு உடம்பு சுகமா? வேறு ஒருத்தி இருக்கிறாளா? ஏன் என்னிடம் வரவில்லை?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் எழுது.

அக்கா


கிளிநொச்சி,
30.03.2025

அன்புள்ள அக்கா,

வேறு ஒருத்தி இல்லை. சத்தியமாக இல்லை.

உடம்புக்கும் சுகம், ஆனால் மெலிந்துவிட்டார். ஏஜென்சிக்காரன் ஏதோ ஒரு நாட்டின் எல்லை வரை கொண்டுபோய்க் காட்டுக்குள் விட்டுவிட்டான். பிரான்சை அத்தான் கண்ணால் காணவில்லை. எல்லைப் பொலிசார் பிடித்து வைத்திருந்து போன ஆவணியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி வவுனியா வரை வந்தவருக்கு அதற்கு மேல் பஸ் ஏறக் கால் வரவில்லையாம். அங்கேயே ஒரு அரிசி மில்லில் வேலைக்கு நின்றுவிட்டார். மில்லுக்குப் பின்னால் ஒரு அறை. பல்லிகள் அங்கேதான்.

மார்கழியில் தற்செயலாக வவுனியா பஸ் நிலையத்தில் நான்தான் அவரைக் கண்டேன். என்னைக் கண்டதும் திரும்பி நடந்தார். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். அன்றைக்கே முறிகண்டி வரை கூட்டிக்கொண்டு போய்ச் சத்தியம் வாங்கிவிட்டார்.

காரும் அதற்காகத்தான். சனியும் ஞாயிறும் மில் ஆட்களை, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களை ஏற்றி ஓடுகிறார். உங்களுக்கு அவர் அனுப்புகிற காசில் பாதி அதில் வந்தது. உங்கள் வளவில் நிற்கிற காரை அவர் எப்படி எடுப்பார்? அதனால்தான் கல்லூரி. விதியை மீறினேன் என்று தெரியும். பிடிபட்டிருந்தால் நான் போயிருப்பேன். அதைத் தெரிந்துகொண்டும் செய்தேன்.

ஏன் உங்களிடம் வரவில்லை என்று நானும் பலமுறை கேட்டுவிட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மாமா கடைக்கு முன்னால ஒருநாள் நான் பெரிசா வந்து இறங்குவன் எண்டு அவள் எல்லாருக்கும் சொல்லிப்போட்டாள். நான் வெறுங்கையோட போனால் ஊர் என்னைச் சொல்லாது. அவளைத்தான் சொல்லும். இன்னொருக்கா வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டுப் போட்டு, பிறகு வாறன்."

நீங்கள் கண்டுபிடித்ததை அவரிடம் சொல்லிவிட்டேன். சந்தியில் நின்றபடி கேட்டார். காரில் ஏறவில்லை. மதிலில் சாய்ந்துகொண்டார். பிறகு, பிரியா ஏசினவளா என்று கேட்டார். இல்லை, அழுதவ என்றேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும் என்றார்.

இருட்டின பிறகு பஸ்ஸில் வந்து, ஒருவருக்கும் தெரியாமல் உங்களைப் பார்த்துவிட்டு, விடியுமுன் திரும்பிவிடலாமா என்று உங்களிடம் கேட்கச் சொன்னார். நீங்கள் சொல்வதைத்தான் செய்வார்.

அடுத்த தவணைக்கான சம்மதக் கடிதத்தை மேடம் கேட்கிறா. அதைத் தருவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

தம்பி
விதுசன்


புதுக்குடியிருப்பு,
05.04.2025

அன்புள்ள தம்பி,

இருட்டின பிறகு வருவதற்கு நான் என்ன கள்ளக் காதலியா என்று அவரிடம் கேள். நான் சொன்ன வார்த்தையிலேயே கேள், மாற்றாதே.

நான் அழுது முடித்துவிட்டேன். இப்போது ஏச்சு நிறைய இருக்கிறது. எனக்காக மறைந்திருந்தாராம். ஊர் என்னைச் சொல்லுமாம். அவரைக் கட்டிய அன்றே ஊர் என்னைச் சொல்லி முடித்துவிட்டது. அதைக் கேட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றவள் நான். பெரிதாக வந்து இறங்குவார் என்று நான் சொன்னது அப்பாவின் வாயை அடைக்க. அதை அவர் தான் எழுத வேண்டிய பரீட்சையாக எடுத்துக்கொள்வார் என்று நான் நினைக்கவில்லை. பிரான்சிலிருந்து வருகிற குரலை விட வவுனியாவிலிருந்து வருகிற ஆள் எனக்குத் தேவை என்று அவருக்கு ஏன் விளங்கவில்லை? இவ்வளவு கிட்ட இருந்துகொண்டு பனி கொட்டுகிறது என்றாரே, அதை மன்னிக்க எனக்குக் கொஞ்சக் காலம் எடுக்கும். எடுக்கட்டும். அவர் இங்கே இருக்கும்போது எடுக்கட்டும்.

நீ செய்ததற்கும் உனக்கு ஏச்சு உண்டு. ஆனால் கோதைக் கூட்டாமல் விட்டாயே, அதனால் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். சனிக்கிழமைக் களவு இன்றோடு முடிந்தது. மேடத்திடம் நீயே போய்ச் சொல். தண்டனை தந்தால் வாங்கு. நானும் வந்து பக்கத்தில் நிற்பேன்.

உன் மேடத்துக்கு மட்டும்தான் விதி எழுதத் தெரியும் என்று நினைக்காதே. என் வளவுக்கும் விதி இருக்கிறது. அவரிடம் வாசித்துக் காட்டு.

வருடப்பிறப்புக்கு முதல்நாள் கார் இங்கே வர வேண்டும். பகலில் வர வேண்டும், கடைகள் திறந்திருக்கிற நேரத்தில். பரந்தன் வீதியால் வந்து, அப்பாவின் கடைக்கு முன்னால் மெதுவாக ஓட்டி, ஒரு தரம் ஹோர்ன் அடிக்க வேண்டும். அப்பா "பாப்பம்" என்று எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், பார்க்கட்டும். கண்ணாடியை இறக்கி விட்டிருக்க வேண்டும். காரை வளவுக்குள் கொண்டுபோய்ப் படங்கால் மூடக் கூடாது. வாசலில், வீதியில் போகிற வருகிறவர்களுக்குத் தெரியும்படி நிறுத்த வேண்டும். சாவி என்னிடம் இருக்கும். ஆறு மணிக்குப் பிறகு வெளியே போவதென்றால் என்னிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். நிற்கிற காருக்குள் இருந்து இருவர் கதைக்கக் கூடாது என்ற விதி மட்டும் இங்கே இல்லை.

வவுனியாவிலிருந்து காரை எடுக்க வரும்போது வழியில் முறிகண்டி வரும். கச்சான் வாங்கட்டும். இந்த முறை எனக்கும் மிச்சம் வைக்கச் சொல்.

அடுத்த தவணையிலும் உன் முக்காலிக்குக் கார் தேவைப்படலாம், அதனால் கல்லூரிக்குரிய சம்மதக் கடிதத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். காரை ஓட்டக் கூடியவர்கள் என்ற இடத்தில் இந்த முறை இரண்டு பெயர். உன்னுடையது இரண்டாவது. முதலாவது நிஷாந்தன், உறவு கணவர். அதற்குப் பக்கத்தில் அவர் இருக்கும் இடத்தையும் எழுத வேண்டும் என்பது உங்கள் மேடத்தின் விதி. பிரான்ஸ் என்று எழுதவில்லை. வவுனியா என்றும் எழுதவில்லை. எங்கள் வீட்டு விலாசத்தை எழுதியிருக்கிறேன்.

அக்கா
பிரியந்தினி